சாவது அஞ்சு பேர், திட்டு வாங்குவது ஹீலர்

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் பிரீஸ்ட் பாத்திரத்தை வைத்து, கூட வருபவர்களின் காயத்தை ஆற்றும் ஹீலராக ஆடுகிறேன். அஞ்சு பேர் குழுவாகப் போய் எதிரிகளோடு சண்டை போடும் டஞ்சனில் எல்லாரும் செத்தால் 'ஹீலர் தூங்குறான்' என்று என்னைத்தான் திட்டுகிறார்கள். போன வாரம் ஓட்டுப்போட்டு வெளியேயும் தள்ளிவிட்டார்கள். தப்பு நிஜமாகவே என்னுடையதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பாதி நேரம் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது டஞ்சனுக்கு அப்படியே பொருந்தும்.

எதிரி யாரை அடிக்க வேண்டும் என்பதை த்ரெட் கணக்கு முடிவு செய்கிறது, முன்னால் நின்று அடி வாங்குகிற டேங்க் வேலையே அந்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பதுதான். ஆனால் நீங்கள் ஹீல் போட்டாலும் த்ரெட் ஏறும், அதுவும் சண்டையில் இருக்கும் எல்லா எதிரிகளிடமும் கொஞ்சம் கொஞ்சமாக. டேங்க் நாலு பேரை இழுத்துவிட்டு ஒருத்தனை மட்டும் குத்திக்கொண்டிருந்தால், உங்கள் முதல் ஹீல் விழுந்ததுமே மற்ற மூணும் உங்களை நோக்கி ஓடி வரும். நீங்கள் சாவீர்கள், அடுத்த பத்து நொடியில் டேங்க் சாவான், செத்த டேங்க் உடனே சாட்டில் 'ஹீல்???' என்று டைப் பண்ணுவான். கடைசியாக எது நடந்ததோ அதுதான் எல்லார் கண்ணிலும் படுகிறது.

சரி, உங்கள் பக்கம் செய்யக்கூடியது. எதிரி துரத்தினால் பின்னால் ஓடாதீர்கள், டேங்க்கை நோக்கி ஓடுங்கள், அவனுக்குப் பிடிக்க வசதி. பிரீஸ்ட்டிடம் த்ரெட்டைக் கொஞ்ச நேரம் குறைக்கும் ஃபேட் இருக்கிறது, அதை மறக்காதீர்கள். பதறிப்போய் எதிரிகளை மிரட்டி விரட்டும் சைக்கிக் ஸ்க்ரீம் போட்டால் பயந்து ஓடுகிறவை பக்கத்துக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வரும் (நான் செய்திருக்கிறேன், அன்று வாங்கிய திட்டு நியாயமானது). ஹீல் போடச் செலவாகும் மானா தீர்ந்து, அதை ஏற்றத் தண்ணீர் குடிக்க உட்காரும்போது 'மானா' என்று ஒரு வார்த்தை அடியுங்கள். அதையும் பார்க்காமல் ஓடுகிற டேங்க்குக்கு மருந்து கிடையாது.

ஓட்டுப்போட்டுத் தள்ளியதைப் பற்றி: தானாக வெளியேறினால் டெசர்ட்டர் என்று முத்திரை விழுந்து சுமார் அரை மணி நேரம் அடுத்த டஞ்சனுக்கு வரிசையில் நிற்க முடியாது. அதனால்தான் பிடிக்காதவர்கள் தாங்கள் போகாமல் அடுத்தவரைப் போகவைக்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: எதிரியை அடிப்பதே வேலையான டேமேஜ் ஆளாக வரிசையில் நின்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். டேங்க்காக வரும் நண்பனுக்கு உடனே இடம் கிடைக்கிறதே, ஏன்?
- வாசகி, ஈரோடு

பதில்: அஞ்சு பேரில் டேங்க் ஒன்று, ஹீலர் ஒன்று, டேமேஜ் மூணு. ஆட வருகிறவர்களோ அந்த விகிதத்தில் வருவதில்லை, டேங்க்தான் எப்போதும் குறைவு. ஆட்டம் கஷ்டம் என்பதைவிட, தப்பு பண்ணினால் நாலு பேருக்கும் உடனே தெரியும் என்கிற பயம்தான் காரணம் என்பேன். வழி தெரியாத டேமேஜ் ஆள் பின்னால் நடந்து சமாளிப்பான், டேங்க் முன்னால் போயாக வேண்டும். கம்பெனிக்கும் இது தெரியும். 2011-ல் ஆள் குறைவான ரோலில் வருபவருக்குத் தனிப் பரிசுப்பை என்று ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று. 2009 டிசம்பரில், தானாகவே குழு சேர்த்துவிடும் டஞ்சன் ஃபைண்டர் வரும்வரை, ஊர் சாட்டில் கூவி ஆள் பிடித்து, டஞ்சன் வாசல்வரை போய்ச் சேர வேண்டும். எல்லாரும் ஒரே சர்வர், வம்பு பண்ணினால் பெயர் கெடும், அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஃபைண்டர் வேறு வேறு சர்வர் ஆட்களைச் சேர்த்தது. மறுபடி பார்க்கவே போகாத ஆளிடம் எதற்கு மரியாதை என்று ஆகிவிட்டது. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, ஹீலர் தேடியே பல மாலைகள் வீணாய்ப் போயிருக்கின்றன.

கேள்வி: டஞ்சனில் கிடைத்த, தனக்கு உதவாத துணி அங்கிக்கு ஒரு வாரியர் 'நீட்' (எனக்குத் தேவை) என்ற பொத்தானை அழுத்தி எடுத்துப்போய்விட்டான். கேட்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள். சில பேர் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் இக்னோர் பட்டியலில் போட்டுவிட்டு அடுத்த டஞ்சனுக்கு வரிசையில் நில்லுங்கள்.