காற்றில் கலந்த கரியின் வயது

மதிப்புக்குரிய எழுத்தாளருக்கு,

பூமி சூடேறுவதற்கு மனிதனே காரணம் என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். இந்தப் பூமி எத்தனையோ பனியுகங்களைக் கண்டது. கடல்கோள்களை நம் முன்னோர் பாடி வைத்திருக்கிறார்கள். அன்று எந்த ஆலை புகை கக்கியது? 2016 மே மாதம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் நின்றது. அதையும் மனிதன் தலையில்தான் கட்டுவீர்களா?

– ஒரு வாசகர், கொலன்னாவை, கொழும்பு

அன்புள்ள ஐயா,

இயற்கை தானாக மாறாது என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறியதால் பனி உருகத் தொடங்கியது. உருகி முடியப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போதோ 150 ஆண்டுகளுக்குள் ஒரு பாகை செல்சியசுக்கு மேல் ஏறிவிட்டது.

வேகம் மட்டும் சான்றாகாது என்பீர்கள். சரி, கீழடிக்கு வாருங்கள். அங்கே கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் காபன்-14 என்னும் கதிரியக்கக் காபனைக் கொண்டு கணித்தார்கள். உயிருள்ள எல்லாவற்றிலும் அது இருக்கும். உயிர் போனபின் சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இல்லை. கொழும்பின் காலி வீதியைப் பார்த்த என் சன்னல் கம்பியைக் காலையில் துடைத்தால் துணி கறுத்துவிடும். பஸ் கக்கிய அந்தக் கரி அத்தனை பழையது. இந்தப் பழைய காபன் கலக்கக் கலக்கக் காற்றில் காபன்-14இன் விகிதம் குறைவதை 1950களிலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

எரிமலைப் புகையிலும் காபன்-14 இல்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் காபன்-13 என்று சற்றுக் கனமான இன்னொரு வகைக் காபனும் உண்டு; தாவரங்கள் அதைக் குறைவாகவே உள்வாங்கும். நிலக்கரி என்பதே மக்கிய பழந்தாவரம். காற்றில் காபன்-13இன் விகிதமும் கூடவே குறைந்துவருகிறது. எரிமலைப் புகையால் அப்படி நேராது. தவிரவும், உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் காபனீரொட்சைட்டு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் வீட்டு வெள்ளம். ஒரு தனி மழையைக் காட்டி, இதைப் பெய்வித்தது மனிதன் என்று நான் சொல்லமாட்டேன். களனி கங்கை முன்பும் கரை மீறியிருக்கிறது. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். கொழும்பைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களை மண் போட்டு நிரப்பியவர்களும் நாம்தான். தண்ணீர் தேங்கி வடிய இருந்த இடங்களில் இன்று மதில்கள் நிற்கின்றன. உங்கள் கூடத்துக்குள் வராமல் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும், ஐயா?