பி760 போர்டுக்கு எந்த ரேம்?

பி760 போர்டு (இன்டெல் ப்ராசஸருக்கான மதர்போர்டு) கையில் இருக்கிறது, கேம் விளையாட எந்த ரேம் வாங்கலாம் என்பதுதானே கேள்வி? முதலில் போர்டின் முழுப் பெயரைப் பாருங்கள். இதில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ரேமுக்கும் தனித்தனி போர்டு உண்டு. பெயரில் டி4 என்றிருந்தால் டிடிஆர்4தான். இரண்டு ரேமுக்கும் அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றி வைத்து அழுத்தினால் ரேம் செருகும் ஸ்லாட்தான் உடையும்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவில் வெறுமனே ‘32 ஜிபி’ என்று கேட்காதீர்கள். டிடிஆர்5 என்றால் ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி துண்டுகள், 6000 வேகம் (எம்டி/எஸ்), சிஎல் (தாமத அளவு, குறைந்தால் நல்லது) 30 அல்லது 36 என்று கேளுங்கள். நாலு துண்டு போட்டால் வேகம் இறங்கும். சிலவேளை கம்ப்யூட்டர் பூட்டே ஆகாது.

ப்ராசஸர் பக்கமிருந்து 2ஆம், 4ஆம் ஸ்லாட்டில் ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே கிடக்கலாம், பதறிப்போய் பவரை நிறுத்தாதீர்கள். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங், போடாவிட்டால், 6000க்குக் காசு கொடுத்தும் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும்.