எங்கே இறங்குவது, எப்படிச் சுற்றுவது? மதுரை பற்றி வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் மதுரைக்கு வருகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. பைபாஸ் பக்கம் மலிவாக அறை கிடைக்கிறது. அங்கே தங்கலாமா, கோயிலுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: கோயிலுக்குப் பக்கத்திலேயே பாருங்கள். பைபாஸில் வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவீர்கள். அது போகட்டும், உங்கள் அம்மாவுக்கு மதியம் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் காலை 5 மணிக்குத் திறக்கும், பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணியாகிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி பதினொன்றரைக்கு வந்து வரிசையில் நின்று, நடை சாத்துகிறார்கள் என்றதும் முழிப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தைச் சித்திரை வீதியில் உட்கார்ந்து கழிக்க முடியாது, அந்த வெயிலுக்கு உள்ளூர்க்காரர்களே வெளியே வருவதில்லை.

ரயில்வே ஜங்ஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி என்று லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், ஜங்ஷனிலிருந்தே ஒரு கிலோமீட்டர் அளவுதான் வரும். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள், பழைய கட்டடங்கள் பலவற்றில் மாடிப்படிதான். காலையில் ஐந்தரை, ஆறுக்குள் கோயிலுக்குப் போய்விடுங்கள். கல்தரை குளிர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. பத்து மணிக்கு மேல் கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிற ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது மூட்டுவலி இல்லாதவர்களுக்கே பெரும்பாடு.

இன்னொன்று, இதைப் பலர் வாசலுக்கு வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்: 2018-லிருந்து கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே ஒருவரை ஒருவர் தவறவிட்டால் கூப்பிட்டுப் பேச வழியில்லை, அதனால் சந்திக்கிற இடத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்குறுணி விநாயகர் வசதி, அத்தனை பெரிய பிள்ளையாரை யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள். அப்பா சட்டைப்பையில் லாட்ஜ் பெயரும் உங்கள் நம்பரும் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும். எந்தக் கோபுர வாசலில் செருப்பு விட்டோம், போன் கொடுத்தோம் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு வாசலும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும், மாறி வெளியே வந்துவிட்டால் அம்மா வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்ற வேண்டியிருக்கும்.

மாலையில் கட்டாயம் இன்னொரு முறை போங்கள். இரவு 9 மணியை ஒட்டி சுவாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குப் போகும். என்னைக் கேட்டால், மதுரையில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: மதுரையில் எத்தனை பஸ் ஸ்டாண்டு? கோவையிலிருந்து வந்து ராமேஸ்வரம் பஸ் பிடிக்க வேண்டும், எங்கே இறங்கினால் சரியாக இருக்கும்? (வாசகர், கோவை)

பதில்: நீங்கள் விரும்புகிற இடத்தில் இறங்க முடியாது, பஸ் எங்கே போகிறதோ அங்கேதான். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், திண்டுக்கல், பழனி, தேனி வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வரும். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் மாட்டுத்தாவணி. பெரியார் ஸ்டாண்டு டவுன் பஸ்களுக்கானது, ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக, ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ்ஸில் ஏறுங்கள், ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் கோரிப்பாளையம் சிக்னல் உங்கள் பொறுமையைச் சோதிக்கும், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். ராமேஸ்வரம் பஸ்ஸில் நாலு மணி நேரம் ஆகும், இருட்டுவதற்குள் போய்ச்சேர வேண்டுமானால் மதியத்துக்குள் மாட்டுத்தாவணியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோவில் ஏமாறாமல் இருக்க என்ன வழி? (வாசகி, வேலூர்)

பதில்: ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுவது. பேசும்போது 'ஆளுக்கா, வண்டிக்கா' என்று கேட்டுவிடுங்கள், இறங்குகிற இடத்தில் வருகிற சண்டையில் பாதி இதனால்தான். லாட்ஜ் கவுன்டரில் நியாயமான வாடகை எவ்வளவு என்று கேட்டாலும் சொல்வார்கள். செல்போன் ஆப்பிலும் வண்டி கிடைக்கிறது. இடத்தைச் சொல்லும்போது 'மாசி வீதி' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. மாசி வீதி நாலு இருக்கிறது, ஆவணி மூல வீதியும் நாலு, வெளி வீதியும் நாலு. 'மேல மாசி', 'தெற்கு மாசி' என்று திசையோடு சொல்லுங்கள். 'கோபுரத்தை மொட்டைமாடியிலிருந்து சும்மா பார்க்கலாம் வாங்க' என்று யாராவது அழைத்தால் அது பெரும்பாலும் கைவினைப்பொருள் கடைக்குத்தான் போய் முடியும். வாங்குகிற எண்ணம் இருந்தால் போங்கள்.

டவுன் பஸ்ஸையும் மறக்காதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

கேள்வி: அழகர்கோவில், திருப்பரங்குன்றம், கீழடி மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: பார்க்கலாம், ஆனால் பஸ்ஸை நம்பி அல்ல. அழகர்கோவில் ஊருக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், திருப்பரங்குன்றம் தென்மேற்கே எட்டு, கீழடி தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்துக்குள். மூன்றும் மூன்று மூலை. கார் எடுத்தால் விடிந்ததும் அழகர்கோவிலுக்குப் போய், மேலே பழமுதிர்சோலையையும் பார்த்துவிட்டு, கோயில்கள் நடை சாத்துகிற மதிய நேரத்தில் கீழடி அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுங்கள். 2023-ல் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், அவசரமாகப் பார்த்தால் வீண். எப்படியும் இரண்டு மணி நேரம் வேண்டும். வார விடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாயங்காலம் திருப்பரங்குன்றம். கார் இல்லையென்றால் கீழடியை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிட்டு, மதியத்துக்கு நாயக்கர் மகாலை வைத்துக்கொள்ளுங்கள். 1636-ல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்றால் வெயிலும் தெரியாது. திருப்பரங்குன்றத்துக்குப் பெரியாரிலிருந்து டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: சித்திரைத் திருவிழா சமயத்தில் குழந்தைகளோடு வரலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: கைக்குழந்தை என்றால் வேண்டாம். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் ஆற்றங்கரையை விட்டுவிட்டு, முந்தின நாள் தல்லாகுளம் பக்கம், ஊருக்குள் வருகிற அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு வாருங்கள். அங்கும் கூட்டம்தான், ஆனால் ஒதுங்கி நிற்க இடம் இருக்கும். உள்ளூரில் சொந்தக்காரர் வீடு இல்லையென்றால் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். தேர் அன்றைக்கு மாசி வீதிகளுக்குள் எந்த வண்டியும் நுழையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஊருக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போக ஆசை. எங்கே வாங்கலாம்? (வாசகி, சென்னை)

பதில்: பஸ்ஸில் திரும்புகிறீர்கள் என்றால் மாட்டுத்தாவணியிலேயே பூ மார்க்கெட் இருக்கிறது, ஏறுவதற்கு முன் வாங்கிக்கொள்ளலாம். ரயில் என்றால் அங்கே வரை போவது வீண் அலைச்சல், கோயிலைச் சுற்றியுள்ள கடைகளே போதும். ராத்திரிப் பயணத்துக்கு மலர்ந்த பூவை வாங்காதீர்கள், இறுகிய மொட்டாகப் பார்த்து வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். முகூர்த்த நாள் என்றால் விலை எங்கேயோ போய்விடும், அன்றைக்குக் கால் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.