மரம் மாறினால் மண்ணின் நுண்ணுயிர் மாறுமா? கேள்வி பதில்

ஏற்காடு வாசகர்: காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற முள்முருங்கையை எடுத்துவிட்டு முழுக்க சில்வர் ஓக் வைத்தேன். தடிக்கு விலை உண்டு, மிளகும் ஏறுகிறது. காபிச் செடிதான் வெளிறுகிறது. ஏன்?

மண் பரிசோதனை செய்துவிடுங்கள். என் சந்தேகம் தழைச்சத்தின் மேல், அதாவது நைட்ரஜனின் மேல். முள்முருங்கை பயறு குடும்பம். அதன் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். கிளை கழித்துப் போடும் இலையும் சீக்கிரம் மக்கிவிடும். சில்வர் ஓக்கில் முடிச்சு கிடையாது. இலை விறைப்பானது, லேசில் மக்காத லிக்னின் என்ற நார்ப்பொருள் அதிகம். அடிச்சருகை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: இலையோடு இலையை வெள்ளை நூல் தைத்திருக்கும். அது பூஞ்சை. அந்தச் சருகைத் தின்பதற்குத் தேவையான தழைச்சத்தை அது மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, உங்கள் காபிக்குப் போட்டியாக.

மரத்தையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கொத்துக் கொத்தான அதன் நுண்வேர்கள் அமிலம் கசியவிட்டு, மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இளக்கும். ஆகவே வெட்ட வேண்டாம். மழை தொடங்கியதும் இடையிடையே முள்முருங்கைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றுங்கள்.

கடலூர் வாசகர்: சவுக்கு பயறு வகை இல்லையே, வேரில் முடிச்சு எப்படி?

அந்த முடிச்சை உண்டாக்குவது ஃபிராங்கியா, இழையாக வளரும் பாக்டீரியா. அகத்தி வேரில் மணி மணியாக இருக்கும் முடிச்சு, சவுக்கில் பவளப்பூச்சிக் கூடுபோல் கட்டையாகி ஆண்டுக்கணக்கில் பெருக்கும். நல்ல தோப்பின் முடிச்சை நசுக்கிக் கரைத்து நாற்றங்காலில் ஊற்றுவது பழைய வழக்கம்.

அகத்தி முடிச்சு வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை, சாம்பல் என்றால் ஓய்ந்துவிட்டது.

வேம்பு நுண்ணுயிரைக் கொல்லுமாமே?

புண்ணாக்கையும் மரத்தடியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேப்பம் புண்ணாக்கு அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை மந்தப்படுத்தும். யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவது இதற்காகத்தான். மரத்தடிச் சருகில் அத்தனை வீரியம் இல்லை. வேம்பின் வேரிலேயே நன்மை செய்யும் பூஞ்சை குடியிருக்கிறது.

காட்டு மண் அள்ளி வந்து போட்டால் பலன் உண்டா?

எந்த மரத்தடி மண் என்பதுதான் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக்குங்கிலிய மரத்தில், அதற்குத் துணையான பூஞ்சை வேரின்மேல் உறைபோல் போர்த்தி நிற்கும். காபி, மா, தேக்கு மூன்றுக்கும் வேண்டியது வேர்ச்செல்லுக்குள் நுழையும் வேறு வகை. அந்தப் பூஞ்சை இந்த வேரில் ஒட்டாது. நோய்க்கிருமி வேண்டுமானால் கூடவே வரும். போதாததற்கு, காப்புக்காட்டில் மண் அள்ளினால் வனத்துறை வழக்குப் போடும்.