பெட்டியில் இருக்கும் வேட்டி நல்லது, அந்துருண்டை ஆகாது

கேள்வி: என் மகளுக்கு ஐப்பசி கடைசியில் பிரசவ நாள் சொல்லியிருக்கிறார்கள். முதல் பிரசவம், எங்கள் வீட்டில்தான். என் கணவரின் பழைய எட்டு முழ வேட்டிகளையும், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளையும் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவளோ, "பழந்துணி வேண்டாம்மா, அலர்ஜி வரும். ஆர்கானிக் துணியில் இயற்கைச் சாயம் போட்டதுதான் வாங்குவேன்" என்கிறாள். ஒரு சட்டையே எண்ணூறு ரூபாய்! இதற்கிடையில் சம்பந்தி அம்மா புதுச்சேரி நேரு வீதியில் ஜரிகை வைத்த சிவப்புப் பட்டுச் சட்டை வாங்கி வைத்துவிட்டார். பிறந்த குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேட்டி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் அம்மா. ஆனால் முதலில் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் பெட்டியைத் திறந்து, அந்த அந்துருண்டைகளை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது பழந்துணியும் இல்லை, பட்டும் இல்லை. அந்த வெள்ளை உருண்டைதான்.

அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின். வைத்த இடத்திலேயே ஆவியாகித் துணிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளில் இது அதிகம். வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலின் ஏறிய துணியைப் போர்த்தினால், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் அது உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தம் குறையும், மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். பிறந்த குழந்தையின் ஈரல் அதைச் சமாளிக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. காமாலை மிகவும் கூடினால் மூளையையே பாதிக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தியதால் குழந்தைகள் இப்படி ஆபத்தான நிலைக்குப் போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நாப்தலின் எண்ணெயில் கரையும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். எண்ணெய்ப் பசை உள்ள தோல் அதை இன்னும் எளிதாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதனால் வேட்டிகளை இப்போதே எடுத்து வெந்நீரில் துவைத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலிலும் காற்றிலும் விரித்துப் போடுங்கள். பிறகு முகத்தருகே வைத்து மோந்து பாருங்கள். லேசாக வாடை வந்தாலும் மறுபடி துவைத்து மறுபடி காயப்போட வேண்டும். எத்தனை முறை துவைத்தும் வாடை போகாத துணி குழந்தைக்கு வேண்டாம். இனி பூச்சிக்கு பயந்தால், காய்ந்த வேப்பிலையையோ நொச்சியையோ ஒரு துணியில் முடிந்து வையுங்கள். பூஜைக் கற்பூரத்தையும் குழந்தைத் துணிக்குள் போடாதீர்கள், அதுவும் கைக்குழந்தைக்கு ஆகாது. பிரசவத்துக்கு வந்து நிற்கும் உறவுக்காரர்கள் பீரோவிலிருந்து எடுத்துவரும் சால்வைக்கும் போர்வைக்கும் இதே விதிதான்.

சரி, வேட்டிக்கு வருவோம். பழைய வேட்டி ஏன் நல்லது? பலமுறை துவைத்ததால் நெசவில் போட்ட கஞ்சி, ஆலையில் பூசிய பூச்சு எல்லாம் எப்போதோ போயிருக்கும். நூல் இளகி, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும். பிறந்த குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது, வியர்வைச் சுரப்பியும் இன்னும் சரியாக வேலை செய்யாது. கடலோரப் புழுக்கத்தில் வேர்க்குரு வருவது அதனால்தான். அதற்குப் பழைய வேட்டியைவிட இதமான துணி கடையில் கிடைப்பது கஷ்டம். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அலர்ஜி வரக் காரணமாக இருக்கும் பொருட்கள் புதுத்துணியில்தான் அதிகம்.

எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் இருக்கும். 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஒன்றில் 12 துணி தேறும். கரையை முதலில் கத்தரித்து ஒதுக்குங்கள். சாயம் போவதும் உரசுவதும் அந்தக் கரைதான். வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் நூல் பிரியும். பிரிந்த ஒரே ஒரு நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்று நமக்குப் புரியவே புரியாது. ஆகவே மெல்லியதாக ஒரு தையல் போட்டுவிடுங்கள். கடையில் வாங்கும் கையுறை, காலுறைகளையும் உட்பக்கம் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மகளின் பழைய சட்டைகளை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மல் துணியில் தைத்த எளிய சட்டை இருந்தால் துவைத்துப் போடலாம். ரப்பர் போல ஒட்டிய பூப்படம், துருப்பிடித்த பிரஸ் பட்டன், செத்துப்போன எலாஸ்டிக் உள்ளவை வேண்டாம்.

இனி உங்கள் மகள் கேட்பது. அவள் கவலை நியாயமானது, சொல்லும் காரணம்தான் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. ஆர்கானிக் என்பது பருத்தியை எப்படி விளைவித்தார்கள் என்று சொல்கிறது. வெறுமனே அந்த ஒரு சொல்லை மட்டும் அச்சடித்திருந்தால், அதன் பிறகு துணியில் என்ன ஏற்றினார்கள் என்பது தெரியாது. காட்ஸ் (GOTS) என்ற ஆர்கானிக் துணி முத்திரை இருந்தால் சாயப்பட்டறை வரைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்றால் தைத்து முடித்த துணியையே சோதித்திருக்கிறார்கள்; அதில் முதல் வகுப்பு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. சுருங்காமல் இருக்கப் போடும் பிசினிலிருந்து வரும், தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம், பெரியவர்களின் தோலில் படும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது அந்த விதி. குழந்தைத் துணியில் 16 மில்லிகிராமைக்கூட எட்டக்கூடாது. ஏற்றுமதிக்குத் தைக்கும் திருப்பூரில் இந்த முத்திரைகள் புதிதல்ல, நியாயமான விலையிலேயே கிடைக்கின்றன. எண்ணூறு ரூபாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர் லாரன்ஸ் ரோட்டில் நல்ல மல் துணி எடுத்து, முன்பக்கம் திறந்து நாடா கட்டுகிற மாதிரி, தையல் வெளிப்பக்கம் வரும்படி தைத்துக்கொண்டாலும் போதும்.

கடையில் காட்டன் என்று சொல்வது பாதி பாலியெஸ்டராக இருக்கலாம். துணி ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நூல் முனையில் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும். மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் ரேயான்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த நூல். மிருதுவாக இருக்கும், கெடுதல் என்று சொல்லமாட்டேன். மூங்கில் என்ற பேருக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம், அவ்வளவுதான்.

சாயம்தான் கொஞ்சம் சிக்கலான இடம். இயற்கைச் சாயம் என்றால் பயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அவுரி நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரியில் தோய்த்த நீலத்துணி கினே என்ற பெயரில் செனகல் வரை கப்பலேறியது. அவ்வளவு பெருமை உள்ள சாயம், ஆனால் நூலோடு ரசாயனமாகப் பிணையாது, பொடியாக நூலில் ஒட்டி நிற்கும். உரசினால் வரும். குழந்தையோ கையில் கிடைத்த துணியை எல்லாம் வாயில் வைத்துச் சப்பும். இயற்கைச் சாயம் நூலில் பிடிக்க ஓர் உப்பைச் சேர்ப்பார்கள். படிகாரம் என்றால் பரவாயில்லை. மயில்துத்தம் என்றால் அது செம்பு உப்பு, குழந்தைக்கு வேண்டாம். ஆரோவில் பக்கம் இயற்கைச் சாயத் துணி வாங்கினால் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். நன்றாகச் செய்பவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். வீட்டிலேயே மஞ்சளில் நனைப்பதென்றால் நீங்களே அரைத்த மஞ்சளாக இருக்கட்டும். கடைப்பொடியில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பதும் நடக்கிறது.

செயற்கைச் சாயங்களில் சில உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற ரசாயனங்களை வெளிவிடும். அப்படிப்பட்ட 112 சாயங்களை நம் அரசு 1990-களிலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் தெருவோரம் மலிவாகக் கிடைக்கும் அடர்நிறத் துணியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சாயம் போகிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, மேலே வைத்து அழுத்தி இஸ்திரி போடலாம். வெள்ளையில் நிறம் ஏறினால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஏறாவிட்டால் சாயம் ஒட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம், அது நல்ல சாயம் என்று அர்த்தமில்லை. அதனால் முதல் மூன்று மாதம் வெள்ளை, அல்லது மிக இளநிறம் என்று வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. தூளிக்கும் புதுப் புடவை வேண்டாம், துவைத்துப் பழகிய பருத்திப் புடவையே கட்டுங்கள்.

சம்பந்தி அம்மாவின் சிவப்புப் பட்டு? ஆசையாக வாங்கியிருக்கிறார், வேண்டாம் என்று சொல்லி மனதை நோகடிக்காதீர்கள். பேர் வைக்கும் அன்று உள்ளே முழுக்கை மல் சட்டை போட்டு, மேலே பட்டை மாட்டி, படம் எடுத்ததும் கழற்றிவிடலாம். ஜரிகை கழுத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத்துணி எதுவானாலும் ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு முழுக்கப் போகாது, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வையுங்கள். வாசனைத் திரவம், சொட்டு நீலம், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். ஐப்பசி மழையில் கடலூரில் துணி காயாது என்பது உங்களுக்கே தெரியும். வெயில் இருக்கும் போதே எல்லாவற்றையும் துவைத்து எடுத்து வையுங்கள், குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணி இரண்டு டஜனாவது கையிருப்பில் இருக்கட்டும். மழை நாளில் விசிறியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு ஈரம் போக்கித்தான் உடுத்த வேண்டும்.

பிறந்த சில நாளில் உடம்பில் சிவப்புத் திட்டு வந்து தானே மறைவது சகஜம், உடனே துணியைக் குற்றம் சொல்ல வேண்டாம். சட்டை தொடும் இடத்தில் மட்டும் தடித்தால் அந்தச் சட்டையை நிறுத்துங்கள். சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்திருப்பது, கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாவது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். அந்துருண்டை வைத்த துணி வீட்டில் இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.