32 இன்ச் டிவியில் ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள், ஜூம் போட்டால் தலை வெட்டுகிறது: எந்த செட்டிங்கை மாற்றுவது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் கேபிள் இணைப்பு. பழைய குழாய் டிவியை எடுத்துவிட்டு 32 இன்ச் எல்இடி வைத்திருக்கிறோம், பாக்ஸ் பழையதுதான். பழைய படம் ஓடினால் எல்லோரும் குள்ளமாக, குண்டாக இருக்கிறார்கள். ஜூம் போட்டால் தலை போகிறது. புதுப் படத்தில் மேலும் கீழும் கருப்பு. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் டிவி ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டு பாக்ஸ் ரிமோட்டை எடுங்கள். படத்தின் வடிவத்தை மாற்றும் இடங்கள் உங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்று செட்டாப் பாக்ஸ், இன்னொன்று டிவி. பாக்ஸ் ஏற்கெனவே இழுத்து அனுப்பிய படத்தை டிவி சரியான படம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் டிவி மெனுவில் எவ்வளவு தேடினாலும் பாக்ஸை ஒழுங்கு செய்யாமல் தீராது.

பாக்ஸில் மெனு, செட்டிங்ஸ், அதற்குள் வீடியோ அல்லது டிவி செட்டிங் என்று இருக்கும். ஆஸ்பெக்ட் ரேஷியோ (படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) என்ற வரியில் பெரும்பாலும் 4:3 எல்பி, 4:3 பிஎஸ், 16:9, ஆட்டோ என்று நான்கைந்து தேர்வுகள் இருக்கும். 4:3 என்று தொடங்குகிற இரண்டும் குழாய் டிவிக்கானவை. எல்பி வைத்தால் அகலப் படத்தைச் சுருக்கி மேலும் கீழும் கருப்பு சேர்க்கும், பிஎஸ் வைத்தால் பக்கவாட்டில் வெட்டிவிடும். குழாய் டிவியோடு ஓடிய பாக்ஸ் என்பதால் உங்களுடையது எல்பியில் நிற்க வாய்ப்பு அதிகம். இதை 16:9 ஆக்குங்கள். சில பாக்ஸ்களில் இதன் கீழேயே பில்லர்பாக்ஸ், ஃபுல் என்று இன்னொரு வரியும் இருக்கும். அதில் பில்லர்பாக்ஸ்தான் வேண்டும், அது 4:3 படத்தை இழுக்காமல் இடதும் வலதும் கருப்பு விட்டுக் காட்டும். ஃபுல் என்பது 4:3 படத்தை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாக இழுத்துவிடும். ஆட்கள் குண்டாவது அங்கேதான். எச்டி பாக்ஸாக இருந்து எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்திருந்தால் ரெசல்யூஷனை 1080i என்று வையுங்கள்.

மாற்றியதை மெனு வழியாகவே செய்து சேமியுங்கள். பாக்ஸ் ரிமோட்டில் படவடிவத்துக்கென்று தனி பட்டன் இருந்தால், அதை அழுத்தி மாற்றியது பல பாக்ஸ்களில் அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிடும். குழந்தைகள் கை தவறி அழுத்துவதும் இந்தப் பட்டனைத்தான்.

இனி டிவி. சாம்சங்கில் பிக்சர் சைஸ் செட்டிங்ஸில் 16:9 வைத்து, ஃபிட் டு ஸ்கிரீன் ஆன் செய்யுங்கள். எல்ஜியில் ஆஸ்பெக்ட் ரேஷியோ 16:9, ஜஸ்ட் ஸ்கேன் ஆன். சோனியில் வைடு மோடு ஃபுல், டிஸ்பிளே ஏரியா ஃபுல் பிக்சல். ஃபிட் டு ஸ்கிரீன், ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய டிவிகளும் அதே பழக்கத்தில் நான்கு ஓரத்திலும் சில சதவீதம் வெட்டி, மிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும். செய்தி சேனலில் அடியில் ஓடும் எழுத்து பாதி மறைவதும், எழுத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

சரியாகிவிட்டதா என்பதைக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். சில நாள் குண்டான முகத்தையே பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். திரையில் ஒரு வட்டம் வரட்டும், வட்டமான சேனல் லோகோவோ சுவர்க் கடிகாரமோ எதுவாக இருந்தாலும் போதும். தையல் டேப்பை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். உயரம் 9 சென்டிமீட்டர், அகலம் 12 என்று வந்தால் 4:3 படம் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. உயரம் 12, அகலம் 9 என்றால் பாக்ஸும் டிவியும் இரண்டுமே ஒடுக்குகின்றன. டிவியை 16:9க்கு மாற்றினால் போதும்.

எல்லாம் சரியான பிறகும் பழைய படத்துக்கு இடதும் வலதும் கருப்பு இருக்கும். உங்கள் டிவி சுமார் 71 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம். அதில் 4:3 படம் 53 சென்டிமீட்டர் பிடிக்கும், பக்கத்துக்கு 9 சென்டிமீட்டர் காலியாக நிற்கும். அப்படியே விடுங்கள். ஏற்காடு சாலையில் இன்றும் முகப்பு வளைவு நிற்கிற, 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் 1940, 50களின் படங்கள் 1.37:1 வடிவத்துக்காக ஒளிப்பதிவு செய்யப்பட்டவை. அவற்றை ஜூம் போட்டு நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தின் கால்வாசி போய்விடும். தலையும், நடனக் காட்சியில் காலும் போவது அதனால்தான். வைடு ஜூம், பனோரமா போன்ற பெயரில் வருபவை நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும். நடுவில் நிற்கும் முகம் சரியாக இருக்கும், ஆனால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது ஆட்கள் ரப்பர் மாதிரி நீண்டு சுருங்குவார்கள். அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

புதுப் படத்தின் மேல்கீழ் கருப்பு வேறு கதை. தமிழில் சினிமாஸ்கோப் 1973ல் வந்தது. அந்த 2.39:1 வடிவம் உங்கள் திரையைவிட அகலமானது, அதனால் மேலே 5, கீழே 5 சென்டிமீட்டர் அளவுக்குக் காலியாகத்தான் இருக்கும். ஜூம் போட்டால் இரு பக்கமும் சேர்த்துக் கால்வாசி படம் வெட்டுப்படும், இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவரின் தோள் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் நான்கு பக்கமும் கருப்பு சூழ்ந்து நடுவில் சின்னதாகப் படம் தெரிந்தால், அது 4:3 சட்டத்துக்குள் அடைத்த அகலப் படம். ஜூம் போட வேண்டிய இடம் அதுதான், அங்கே எதுவும் வெட்டுப்படாது.

சில லோக்கல் சேனல்கள் 4:3 படத்தை அனுப்பும் இடத்திலேயே இழுத்துவிடுகின்றன. மற்ற சேனல்களில் வட்டம் வட்டமாக இருந்து, ஒரு சேனலில் மட்டும் நீள்வட்டமானால் உங்கள் மீது தப்பில்லை. அந்தச் சேனல் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் டிவியை 4:3க்கு மாற்றுங்கள், கேபிள்காரரிடமும் சொல்லுங்கள்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி ஒயரில் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பொருந்தும். சாதாரண எஸ்டி ஒளிபரப்பில் 4:3 படமும் 16:9 படமும் 720 × 576 புள்ளி என்ற ஒரே சட்டத்தில்தான் வருகின்றன. எந்த வடிவில் விரிப்பது என்று கூடவே வரும் ஒரு குறிப்புதான் சொல்கிறது. ஏவி ஒயரில் அந்தக் குறிப்பு படத்தின் 23ஆம் வரியில் போக வேண்டும், மலிவான பாக்ஸ்கள் பலவும் அதை அனுப்புவதில்லை. ஆகவே டிவியில் ஆட்டோ வைத்தால் ஏமாற்றும். பாக்ஸை 16:9 பில்லர்பாக்ஸ், டிவியை 16:9 என்று நிலையாக வைத்துவிடுங்கள். பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த ஒயருக்கே மாறிவிடலாம், நிறமும் தெளிவாகும்.

பெரும்பாலான டிவிகள் இந்த அமைப்பை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும். எச்டிஎம்ஐ 1ல் செய்தது எச்டிஎம்ஐ 2க்கோ ஏவிக்கோ போகாது. பாக்ஸை வேறு துளைக்கு மாற்றிச் செருகினால் இதே வேலையை அங்கேயும் செய்ய வேண்டும்.