ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் சிஏ, ஆர்டரர், பியர் இவற்றை எந்த வரிசையில் கன்ஃபிகர் செய்வது? டெஸ்ட் நெட்வொர்க் ஓடுகிறது, சொந்தமாக எழுதினால் ஓடவில்லை.

ஆபீசில் இதை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தானாக ஆசைப்பட்டு இதைத் தொட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபேப்ரிக் என்பது பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்ளும் பிளாக்செயின் மென்பொருள்; சிஏ சான்றிதழ் கொடுக்கும், ஆர்டரர் பதிவுகளை வரிசைப்படுத்தும், பியர் பதிவேட்டின் நகலை வைத்திருக்கும்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலில் சிஏ, அதுவும் இரண்டு: அடையாளச் சான்றிதழுக்கு ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கு (கணினிகளுக்கு இடையேயான தொடர்பை மறையாக்குவதற்கு) ஒன்று. பியர், ஆர்டரர், அட்மின் எல்லோரையும் அதில் ரெஜிஸ்டர் செய்து, என்ரோல் செய்து (அதாவது சான்றிதழ் வாங்கி), அடையாளச் சான்றிதழ்களை வைக்கும் எம்எஸ்பி ஃபோல்டர்களைக் கட்டுங்கள். அப்புறம்தான் நெட்வொர்க்கின் அமைப்பை எழுதும் கான்ஃபிக்டிஎக்ஸ் யாமல் ஃபைல். அதிலிருந்து ஜெனிசிஸ் பிளாக் (முதல் பிளாக்), பிறகு ஆர்டரர், பியர், சேனலில் (நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில்) சேர்ப்பது, ஆங்கர் பியர் (பக்கத்து நிறுவனங்கள் தொடர்புகொள்ளும் பியர்), கடைசியாக செயின்கோட் (பதிவு விதிகளை எழுதிய நிரல்). டெஸ்ட் நெட்வொர்க் ஸ்கிரிப்ட் கிரிப்டோஜென் என்ற கருவியை வைத்துச் சான்றிதழ்களை ஒரே அடியில் அச்சடித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே எல்லாம் சுலபமாகத் தெரிகிறது.

நீங்கள் மாட்டியிருப்பது அநேகமாகப் பெயர்களில்தான். கான்ஃபிக்டிஎக்ஸில் எம்எஸ்பி ஐடி ஒரு மாதிரி, பியரின் என்விரான்மென்டில் இன்னொரு மாதிரி, ஒரே ஒரு கேபிடல் எழுத்து வித்தியாசம். அதைத் தேடி அரை நாள் போக்கியவன் நான். டிஎல்எஸ் என்ரோல் செய்யும்போது ஹோஸ்ட் பட்டியலில் கன்டெய்னர் பெயரைக் கொடுத்தீர்களா? காசிப் எக்ஸ்டெர்னல் எண்ட்பாயிண்ட் (பியர் வெளி நிறுவனங்களுக்குத் தன்னைக் காட்டும் முகவரி) போட்டீர்களா? அதைப் போடாவிட்டால் உங்கள் பியர் சொந்த நிறுவனத்துக்குள் ஜம்மென்று ஓடும், பக்கத்து நிறுவனத்துக்கு மட்டும் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. 'சைன்டு பை அன்நோன் அத்தாரிட்டி' என்று வந்தால், டிஎல்எஸ் ரூட் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் அடையாள சிஏவின் ரூட்டை வைத்திருப்பீர்கள். பத்தில் எட்டு முறை அதுதான்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். ஓட வைப்பது ஒரு வாரத் தலைவலி. நான் பட்டது ஒரு வருஷம் கழித்து.

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், இரண்டு நூற்பாலை, ஒரு சாயப்பட்டறை. ஆர்கானிக் பஞ்சு எந்த லாட்டிலிருந்து வந்து எந்தத் துணியாகப் போனது என்று பதிவதற்காக ஃபேப்ரிக் 2.2-இல் நெட்வொர்க் போட்டோம். பெயர் வேண்டாம், இன்னும் எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள். 'எங்கேயும் ஒற்றைப் புள்ளியில் உடையாது' என்று எங்கள் மேனேஜர் ஸ்லைடில் போட்டிருந்தார். மூன்று ஆர்டரர், ராஃப்ட் (பெரும்பான்மை எழுந்திருந்தால் ஓடும் முறை). ஒன்று விழுந்தாலும் மீதி இரண்டு தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே கிளவுட் அக்கவுண்டில், ஒரே சிஏ கொடுத்த சான்றிதழில், ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஒரே பையன் உட்கார்ந்து ஏற்றியவை. நாலு நிறுவனம் ஒன்றையொன்று நம்ப வேண்டியதில்லை என்று சொல்லி விற்றதை, நாலு பேரும் எங்கள் பையன் ஒருத்தனை நம்பும்படி கட்டி வைத்திருந்தோம்.

ஃபேப்ரிக் சிஏவில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், என்ரோல்மென்ட் சான்றிதழின் ஆயுள் 8760 மணி நேரம். 365 நாள். சனிக்கிழமை ஏற்றினால் மறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை, அதே 11 மணிக்கு உயிர் போகும். மூன்றுக்கும் சேர்த்து.

அந்த ஞாயிறு கும்பகோணத்தில் என் மச்சினிக்கு வளைகாப்பு. சந்தனம் பூசி வளையல் போட ஆரம்பித்த நேரத்தில் மேனேஜரின் போன். "பழைய லாட்டைத் தேடினா வருதுப்பா, புதுசா பதிஞ்சா விழுது. லோடு தூத்துக்குடி கிளம்பணுமாம், கத்துறாங்க." பியர்களுக்கான சான்றிதழை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்திருந்தோம், அதனால் படிப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தது. மண்டபத்து ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லாகைத் திறந்தேன். 'ராஃப்ட் லீடர் இல்லை.' கொஞ்சம் மேலே போனால், சான்றிதழ் ஒரு வாரத்தில் காலாவதியாகும் என்ற எச்சரிக்கை. ஆர்டரர் முன்கூட்டியே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

புதுச் சான்றிதழ் எடுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு ஆர்டரரின் டிஎல்எஸ் சான்றிதழும் சேனல் கான்ஃபிகிலேயே பதிந்திருக்கிறது. புது சாவியோடு சான்றிதழ் எடுத்தால் அதையும் மாற்ற வேண்டும். மாற்ற ஆர்டரர் ஓட வேண்டும். ஆர்டரர் ஓட சான்றிதழ் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

போதாக்குறைக்கு சிஏவையே காணோம். நெட்வொர்க் ஓடும்போது அது தேவைப்படாது என்பதால், கிளவுட் பில்லைக் குறைக்க யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். ஏற்றிய பையன் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். போன் செய்தேன். "அண்ணே, அந்த டிஸ்க்கோட ஸ்நாப்ஷாட் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், அதை மட்டும் யாரும் அழிச்சிருக்கக் கூடாது." அழிக்கவில்லை. அவன் நல்லா இருக்கட்டும்.

சிஏவை எழுப்பி, காலாவதியான சான்றிதழைக் காட்டிப் புதுசு கேட்டால் தரமாட்டேன் என்றது. சிஏ கான்ஃபிகில், ரீஎன்ரோல் செய்யும்போது காலாவதியைப் பொருட்படுத்தாதே என்று ஒரு செட்டிங் உண்டு; அதை ஆன் செய்து மறுபடி ஏற்றினேன். பழைய சாவியையே வைத்து ரீஎன்ரோல் செய்தால் சேனல் கான்ஃபிகைத் தொடவே வேண்டாம் என்று அந்த ஸ்டோர் ரூமில்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆர்டரரிலும் ஃபைலை மாற்றி ரீஸ்டார்ட் செய்தபோது சாயங்காலம் நாலரை. ஐந்து வகை சாதம் போட்டிருந்தார்கள், எனக்குக் கிடைத்தது ஆறிப்போன புளிசாதம். போட்டோவில் நான் இல்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

'சான்றிதழைச் சோதிக்கும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக் காட்ட டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் டைம்ஷிஃப்ட் என்று ஒரு செட்டிங் இருக்கிறதே' என்று கமெண்டில் வருவீர்கள். இருக்கிறது, அன்று எனக்குத் தெரியாது. 'இதற்கெல்லாம் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போதுமே' என்றும் வருவீர்கள். போதும்தான். மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற கப்பல் சரக்கு பிளாக்செயினையே மூடுவதாக 2022-இல் அறிவித்துவிட்டார்கள், நான் எதற்கு வாதாட வேண்டும்? கிளையன்ட் கேட்டதைப் போட்டுக் கொடுக்கிற ஆள் நான்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் கேட்டது, "மானிட்டரிங் ஏன் பண்ணலை?" மானிட்டரிங்குக்கு ஆள் கேட்டு நான் போட்ட மெயிலுக்கு இன்னும் பதிலே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கு காம்ப் ஆஃப் கேட்டேன். வார இறுதி வேலைக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்று எச்ஆர் நிராகரித்தது. வளைகாப்பிலிருந்து எப்படி முன் அனுமதி வாங்குவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதுதான் சிஏவைத் தொடப்போகிறீர்கள் என்றால், ஃபேப்ரிக் சிஏ சர்வரின் யாமலில் சைனிங் என்ற பகுதியைத் திறந்து, எக்ஸ்பைரி எவ்வளவு என்று பாருங்கள். கூட்டிக் கொள்வதோ அப்படியே விடுவதோ உங்கள் பாதுகாப்புக் குழுவின் பாடு. ஆர்டரர்களை மட்டும் ஒரே நாளில் என்ரோல் செய்யாதீர்கள், ஒரு வார இடைவெளி விடுங்கள். தேதியை எழுதி வைக்கும்போது கூடவே சிஏவின் டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். இதற்கு மேலும் பியர் எழவில்லை என்றால் பியரின் லாகில் முதல் எரர் வரியை இங்கே போடுங்கள். கடைசி வரி வேண்டாம், முதல் வரி.